ஹெங்மோல்காரர்களுக்குப் பந்தி

முதல் தட்டை நீட்டிய கையைப் பார்த்ததுமே பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் ஹெங்மோல்காரர்கள் இல்லை, வேறு ஏதோ மலை. ஹெங்மோலில் மஞ்சள் போடுவார்கள். மஞ்சள் தோண்டுகிற கைக்கு நகக்கண்ணில் ஒரு நிறம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மகள் தேவகி அங்கே வாக்கப்பட்டுப் போன முதல் வருஷமே அவள் விரலிலும் அது வந்துவிட்டது. "என்னடி இது, சாப்பிட்டுக் கை கழுவலையா" என்று கேட்டதற்கு, "கழுவினா போறதா இது, எங்க ஊரு மஞ்சள்ம்மா" என்றாள். எங்க ஊராம். பர்மா எல்லையோரம் இந்த மோரே கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த சிறுக்கிக்கு அதற்குள் அது எங்க ஊராகிவிட்டது. இந்தக் கை வெளுத்த கை. பஞ்சவர்ணம் ஒரு கரண்டி சோறு வைத்தாள், இன்னொரு கரண்டி வைத்தாள், தட்டு நகர்ந்தது. அடுத்ததும் வெளுத்த கைதான். முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தால் போதும் என்று காலையில் அடுப்பு மூட்டும்போதே முடிவு செய்திருந்தாள். முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றும். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

தெற்கே மலைப்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். மாடி வீட்டில் யாரோ கனத்த மரப்பெட்டியை இழுத்து வைக்கிற மாதிரி. முதல் நாள் இந்தச் சத்தம் கேட்டபோது கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது, இப்போது வரிசையில் நிற்கிற யாரும் நிமிரக்கூட இல்லை. மலையில் துப்பாக்கியோடு இருக்கிற பையன்களைத் துடைத்தெடுக்கப் பட்டாளம் மேலே ஏறியிருக்கிறது, ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஊராகக் காலிசெய்து லாரியில் ஏற்றி இங்கே மோரேயில் இறக்குகிறார்கள். இறக்கினால் சோறு யார் போடுவது? தமிழர் கோயில் மண்டபத்தில் பெரிய அண்டாக்கள் இருக்கின்றன, தமிழர்களுக்குக் கூட்டத்துக்குச் சமைக்கத் தெரியும் என்று எவனோ ஒரு அதிகாரி சொன்னானாம். சமைக்கத் தெரியும்தான். அது பங்குனி மாதம். பங்குனியில் மலையில் புகை தெரிவது புதுசில்லை, மலைக்காரர்கள் காட்டை வெட்டிக் காயப்போட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். வருஷா வருஷம் கடை வாசலில் நின்று பார்க்கிற புகைதானே, அதுதான் இது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் தட்டும். காட்டை எரிக்கிறவர்கள் எல்லாரும் இங்கே தட்டோடு நிற்கிறார்களே, அப்புறம் அங்கே எரிக்கிறது யார்? அந்த இடம் வந்ததும் மனசைப் பிடித்து இழுத்து வேறு பக்கம் திருப்பிவிடுவாள். சோறு குழைந்திருக்கிறதா? குழைந்துதான் இருக்கிறது. மலையில் குழைவாகத்தான் சாப்பிடுவார்கள், "உங்க சோறு பல்லுல நிக்குதுன்னு எங்க அத்தை சொல்றாங்கம்மா" என்று தேவகி சொல்லுவாள். குழையட்டும். புளி குறைவு, காரம் குறைவு, பரங்கிக்காயைக் கரைய விட்ட சாம்பார். யாருக்காக இப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்விதான், அதையும் திருப்பிவிட்டாள்.

பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றவள் அன்னக்கிளி, செத்துப்போன புருஷனின் அக்காள். காலையில் இருந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், உதடு அசையாமல். "மதினி சொல்றேன்னு கேளு வர்ணம். யாரையும் பேர் சொல்லி விசாரிக்காதே. நீலச்சட்டைக்காரன் பாத்துக்கிட்டே இருக்கான்." நீலச்சட்டைக்காரன் பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உளவுக்காரன் என்று கடைத்தெருவுக்கே தெரியும், சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, காலடியில் ஒரு பிளாஸ்க். நேற்று அவள் கடைக்கு வந்து இரண்டு தோசை தின்றான், சட்னி நன்றாயிருக்கிறது என்றான், கை கழுவிக்கொண்டே இந்தியில் கேட்டான், "உங்க மகள் எப்போ கீழே வருவாங்க?" அவ்வளவுதான். மகள் இருக்கிறாளா என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லை, எப்போ வருவாள் என்று கேட்டான். மருமகனைப் பற்றி மூச்சே விடவில்லை. கேட்காததில் இருந்தே தெரிந்தது, அவனைத் தேடித்தான் வந்திருக்கிறான். மருமகன் மாங்போய் ஹெங்மோல் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி, தகரம் போட்ட இரண்டு அறை, மலைக்காரர்கள் அதை மருந்து வீடு என்பார்கள். டாக்டர் என்று ஒருத்தர் பெயருக்கு உண்டு, மலையேற மாட்டார். ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவன்தான். காட்டில் இருந்து குண்டடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தி, கூட வந்தவன் துப்பாக்கியோடு வாசலில் நின்றால் அவன் என்ன செய்வான்? மாட்டேன் என்பானா? துப்பாக்கி இல்லாமல் வந்து நின்றிருந்தாலும் அவன் மாட்டேன் என்றிருக்க மாட்டான், அது அவள் மனசுக்குத் தெரியும். தேவகி அவனை விடப் பிடிவாதக்காரி.

பஞ்சு. போன மாதம் சந்தை நாளில் தேவகி கீழே வந்தபோது வாங்கிய பஞ்சு. ஒரு பை நிறையப் பஞ்சும் கட்டுத்துணியும் ஸ்பிரிட்டும். "எதுக்குடி இவ்வளவு?" "ஆஸ்பத்திரின்னா பஞ்சு வேணாமாம்மா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அப்புறம், சோதனைச் சாவடியில் பையைக் கிளறுவார்கள், மேலே கொஞ்சம் அரிசி மாவு போட்டுக் கொடேன் என்றாள். இவள்தான் போட்டுக் கொடுத்தாள். இவள் கையால். மாவைப் பரப்பித் தட்டிவிட்டு, அதற்கு மேலே நாலு வடையையும் காகிதத்தில் மடித்து வைத்தாள், வழியில் தின்னுவாள் என்று. என்ன ஏது என்று கேட்காமல் வடையை வைத்தவள். கேட்டிருந்தால்? கையைப் பிடித்து உட்கார வைத்து, நீ மேலே போக வேண்டாம் இங்கேயே இரு என்று சொல்லியிருந்தால்? இருந்திருக்க மாட்டாள். இருந்திருக்க மாட்டாள் என்பது ஒரு பக்கம், நாம் சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் பஞ்சவர்ணம் ராத்திரியெல்லாம் புரண்டாள். பகலில் கரண்டி இருக்கிறது, கை ஓடுகிறது, ராத்திரியை விடப் பகல் பரவாயில்லை. "போதும்" என்றது ஒரு குரல், தட்டில் சோறு குவிந்துவிட்டிருந்தது. அவள் பாதியை எடுத்து அடுத்த தட்டில் வைத்தாள்.

தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. வரிசையில் யாரோ "ஹெங்மோல்" என்றார்கள். அவ்வளவுதான், அவள் கைக்குக் கரண்டி கனத்தது. பார்க்காதே, கையை மட்டும் பார். லாரியில் இருந்து இறங்குகிற சத்தம், பின்கதவுச் சங்கிலி, ஒரு குழந்தை அழுகை, யாரோ இருமினார்கள். தேவகி இறங்கினால் செருப்புச் சத்தம் தெரியும், காலைத் தேய்த்து நடக்கிறவள் அவள், சின்னதில் இருந்தே அப்படித்தான், அதற்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறாள். தேய்க்கிற சத்தம் வரவில்லை. மண்ணில் இறங்கியிருக்கிறார்கள், மண்ணில் சத்தம் கேட்காது. ஆமாம், மண்ணில் எப்படிக் கேட்கும்? முதல் தட்டு வந்தது. நகக்கண்ணில் மஞ்சள். பஞ்சவர்ணம் சோற்றை வைத்தாள். அந்தக் கை கொஞ்சம் பின்வாங்கியது, இவள் வைத்த சோறு பாதி தட்டிலும் பாதி தரையிலும் விழுந்தது. பரவாயில்லை பரவாயில்லை என்று தமிழில் சொன்னாள், அவர்களுக்குப் புரியாது என்றாலும். அடுத்த கை. மஞ்சள். அதற்கடுத்தது. ஒரு பெண்பிள்ளையின் கை தட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, விட்டுவிட்டுப் போனது. என்னத்துக்குப் பிடித்தாள்? சோறு போடுகிறவளுக்கு நன்றி சொல்கிற வழக்கமா அது? இத்தனை ஊர்க்காரர்கள் வந்து போனார்களே, ஒருத்தரும் பிடிக்கவில்லையே. தெரிந்தவளாக இருக்கும், சந்தைக்கு வந்து கடையில் டீ குடித்திருப்பாள், அந்தப் பழக்கத்தில் பிடித்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் போனாளே.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றிருந்தவள் பார்த்துவிட்டாள். வரிசை நெடுக முகங்கள், எல்லா முகமும் தரையைப் பார்த்திருந்தன. அவள் முன்னால் வரும்போது மட்டும் தரையைப் பார்த்தன, அன்னக்கிளியிடம் நகர்ந்ததும் நிமிர்ந்தன. கொஞ்சம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலைக் குவித்துக் காட்டினார்கள், எல்லாரும் கொஞ்சம்தான் வாங்கினார்கள், பசித்தவர்கள் இப்படியா வாங்குவார்கள்? பலாமரத்தடி நாற்காலி கிறீச்சென்றது. ஹெங்மோல் தலைவர் வந்தார், தேவகி கல்யாணத்தன்று கோட்டுப் போட்டுக்கொண்டு இதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர், இன்று ஒரு போர்வையைச் சுற்றியிருந்தார். அவர் மட்டும் அவளை நேராகப் பார்த்தார். ஒரு கரண்டி வைத்தாள். தட்டை எடுக்கவில்லை. "இன்னொன்று போடுங்கள்" என்றார் சந்தைப் பேச்சில், மணிப்புரியும் இந்தியும் கலந்து எல்லாரும் பேசுகிற பேச்சில். போட்டாள். வாங்கிக்கொண்டு போனார். பஞ்சவர்ணம் அந்த இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாள். துக்கச் சேதி கொண்டுவந்தவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவாரா? வாங்க மாட்டார், தொண்டையில் இறங்காது. அப்படியென்றால் சேதி இல்லை. அப்படியென்றால் மற்றவர்கள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள்? வீட்டை விட்டு வந்தவர்கள் தரையைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கிழவரும் வீட்டை விட்டுத்தானே வந்தார்? மறுபடி மறுபடி இந்த இரண்டுக்கும் நடுவிலேயே போய்ப் போய் வந்தது மனசு, செக்குமாடு மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு.

"சாம்பார் அடியாயிருச்சு" என்று அன்னக்கிளி வாளியோடு அடுப்படிக்குப் போனாள். வரிசையில் கடைசியாக ஒருத்திதான் பாக்கி. அவள் தட்டை நீட்டவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு பரிமாறுகிற பக்கத்துக்கு வந்து, பஞ்சவர்ணத்தின் தோளோடு தோள் உரச நின்றாள். லாம்நெங். மாங்போயின் அம்மா, சம்பந்தியம்மாள். கல்யாணம் பேச வந்தபோது இருவருக்கும் பொதுவாக நாலு வார்த்தைகூடக் கிடையாது, கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பேசாமல் பூண்டு உரித்தார்கள், உரித்து முடித்தபோது கல்யாணம் முடிவாகியிருந்தது. அப்படித்தான் பிள்ளைகள் கேலி செய்வார்கள். லாம்நெங் அன்னக்கிளி விட்டுப்போன கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். தலைமுடி ஒரு பக்கம் கருகியிருந்தது. மஞ்சள் ஏறிய விரல்களில் இரண்டுக்குக் கட்டுப் போட்டிருந்தது. நீலச்சட்டைக்காரன் எழுந்து, சாவகாசமாக, பாதி தூரம் வந்து நின்றான்.

லாம்நெங் வாசலுக்கே கேட்கிற மாதிரி சந்தைப் பேச்சில் சொன்னாள். "மருந்து வீட்டின் மேல் குண்டு விழுந்தது. உள்ளே இருந்தார்கள். என் பிள்ளை, உன் பிள்ளை. இரண்டு பேரும். புதைத்துவிட்டோம்."

பஞ்சவர்ணம் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். அதில் சோறு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தட்டு எதுவும் இல்லை. தட்டு இல்லாமல் சோற்றை எங்கே வைப்பார்கள், அண்டாவில் திருப்பிப் போடலாமா, எடுத்த சோற்றைத் திருப்பிப் போடக் கூடாது என்பார்கள், யார் சொன்னது, மாமியார் சொன்னது, மாமியார் இறந்து எத்தனை காலம். உன் பிள்ளை என்றாளே, யாரைச் சொன்னாள்? இரண்டு பேரும் என்றாளே. மண்டபத்தின் தூண்கள் அதே இடத்தில்தான் இருந்தன. அப்போது அவள் காதுக்குக் கீழே, மூச்சோடு மூச்சாக, தமிழ் கேட்டது. தமிழ் என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை.

"தேவகி சாகலை. பொய். ஆத்துக்கு அந்தப் பக்கம் போச்சு. ரெண்டு பேரும். நடந்து."

லாம்நெங் அண்டாவுக்குள் குனிந்து, அடியில் ஒட்டின சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுகிற சத்தத்துக்கு நடுவில் அந்தத் தமிழ் வந்தது. சொல் சொல்லாக, மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. சாகலை என்பதில் அந்த இழுப்பு, அது தேவகியின் இழுப்பு. வரலைம்மா, சாப்பிடலைம்மா, பிடிக்கலைம்மா என்று வீட்டில் இருபது வருஷம் கேட்ட இழுப்பு. உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எங்கம்மாகிட்ட இதைத் தமிழ்லதான் சொல்லணும் அத்தை, அங்க உளவு பாக்கிற ஆளுங்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லி, திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்து, தப்பாகச் சொன்னால் சிரித்திருப்பாள், அந்த நேரத்திலும் சிரித்திருப்பாள் பாவி.

"நீ பாத்தியா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"பாத்தேன். முதுகு பாத்தேன். அப்புறம் மரம்."

"அப்ப புதைச்சது?"

அந்தக் கேள்விக்கு லாம்நெங்குக்கு யாரும் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தேடினாள். "ரெண்டு பையன். காயம். நடக்க முடியாது. குண்டு விழுந்துச்சு. நெருப்பு. தேவகி, மாங்போய் அப்ப வெளிய." கட்டுப் போட்ட விரலால் தன் கருகிய தலைமுடியைத் தொட்டாள். "ஊருக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியும். எனக்கு. உனக்கு." பிறகு நீலச்சட்டைக்காரன் நின்ற பக்கம் திரும்பாமல், கடைசியாக மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள். "நீ அழு. சத்தமா அழு. அவன் நம்பணும். இல்லைன்னா தேடும்."

அழு என்றால் எப்படி அழுவது? உயிரோடு இருக்கிற பிள்ளையை, கண்ணான பிள்ளையை, செத்துப்போனாயே என்று வாயால் சொல்வதா? சொன்னால் பலித்துவிடும். சாயங்கால நேரத்தில் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்ல விடாதவள் அவள், தேவகி தும்மினால் நூறு சொல்லுகிறவள். அவள் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டது, நடந்து போச்சு நடந்து போச்சு என்று அடித்துக்கொண்டது, காலைத் தேய்த்துத் தேய்த்து அந்த மலைச்சரிவில் இறங்கியிருப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மா, அங்கேயும் பட்டாளம் இருக்கும், அங்கேயும் மலைதான், யார் இருக்கிறார்கள் அவர்களுக்கு? பஞ்சவர்ணத்தைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு விரட்டிவிட்ட பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று நடந்து வந்த அவள் அம்மாவை இந்த எல்லையில்தான் மறித்துத் திருப்பினார்கள். அப்படி நின்றுபோன இடம்தான் மோரே. அந்தப் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கம் வர முடியாது, வந்தால் நீலச்சட்டை இருக்கிறான். செத்தவர்களாக இருக்கிறவரைதான் அவர்கள் பிழைத்திருப்பார்கள். இனி ஒரு போன் வராது. பண்டிகைக்கு வர மாட்டாள். இவள் படுக்கையில் விழுந்தால் வர மாட்டாள். நீலச்சட்டைக்காரன் இன்னும் இரண்டு எட்டு வைத்தான். அழ வேண்டும், இப்போதே அழ வேண்டும், கண் வறண்டு கிடந்தது. யாருக்கு அழுவது? அப்போதுதான் அவளுக்கு அந்த இரண்டு பையன்கள் வந்தார்கள். நடக்க முடியாமல் மருந்து வீட்டில் படுத்திருந்த இரண்டு பையன்கள். தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். இவள் மாவுக்கு அடியில் வைத்து அனுப்பிய பஞ்சுதான் அவர்கள் மேல் இருந்திருக்கும். எந்த மலையிலோ, எந்த ஊர் லாரியிலோ அவர்களைப் பெற்றவள் இதே மாதிரி ஒரு மண்டபத்தில் தட்டோடு நின்று, முகம் முகமாகத் தேடிக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் பிள்ளை வேறு பேரில் மண்ணுக்குள் கிடக்கிறான். அவனுக்கென்று ஒருத்தர்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பஞ்சவர்ணம் வாய்விட்டு அழுதாள். கரண்டி கீழே விழுந்தது. "ஐயோ என் பிள்ளையே" என்றாள், பேர் சொல்லவில்லை, "நான் பெத்த மகனே" என்று கூட வந்துவிட்டது வாயில், தமிழ் தெரியாதவர்களுக்கு என்ன தெரியப்போகிறது. மார்பில் அடித்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, கால் நீட்டி, முகம் தெரியாத அந்தப் பையன்களை எடுத்து எடுத்து அழுதாள், பால் கொடுத்தவள் யாரோ, பேர் வைத்தவள் யாரோ என்று அழுதாள். அழுகை கொஞ்ச தூரம் போனதும் அதற்குள் தேவகியும் வந்து கலந்துவிட்டாள், தடுக்க முடியவில்லை. லாம்நெங் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள், அவளும் அழுதாள், அவள் அழுகையில் சொல்லே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹெங்மோல்காரர்கள் கையைத் தட்டில் வைத்தபடி நிறுத்திவிட்டார்கள். நீலச்சட்டைக்காரன் நின்று பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஜீப்புக்குப் போனான்.

அன்னக்கிளி அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். வாளி சாய்ந்து சாம்பார் மண்டபம் முழுக்க ஓடியது. "போயிட்டாளா? என் தங்கம் போயிட்டாளா?" என்று பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தேவகியைத் தூளியில் ஆட்டினவள், அத்தை. பஞ்சவர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா? மதினி வாயில் ஒரு சேதி ஒரு நாள் தங்காது, கடைத்தெரு முழுக்க நல்ல சேதியாகப் பரப்பிவிடுவாள், பிரியத்தில்தான் பரப்புவாள். "போயிட்டா மதினி" என்றாள். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, ஆனால் மதினிக்கு ஒன்றுதான் கேட்டது. அன்னக்கிளி தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். பஞ்சவர்ணம்தான் அவளைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

கொஞ்சம் அடங்கியதும் அன்னக்கிளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரி. சாவு கேட்டவ அப்படியே உக்காந்திருக்கக் கூடாது. வந்து தலையில தண்ணி ஊத்திக்க." மண்டபத்தின் பின்னால் பாத்திரம் கழுவுகிற குழாயடிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். லாம்நெங் கூடவே வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பஞ்சவர்ணம் ஈரச் சிமெண்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தெற்கே மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. கேட்டுவிட்டு ஓய்ந்தது. முதல் குடம் தலையில் விழுந்தபோது மூச்சு முட்டியது. கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தண்ணீர் பிள்ளையைத் தலைமுழுகுகிற தண்ணீர், செத்தவளுக்கு ஊற்றுகிற தண்ணீர், இதை அவள் வாங்கித்தான் ஆக வேண்டும், இனி திதி வந்தால் திதியும் கொடுக்க வேண்டும், மாலை போட்ட படமும் வைக்க வேண்டும், ஊரே வந்து துக்கம் கேட்கும். ஒவ்வொருத்தர் முன்னாலும் அழ வேண்டும். அன்னக்கிளி தேம்பிக்கொண்டே அடுத்த குடத்தைச் சரித்தாள். காதில், கழுத்தில், முகத்தில் தண்ணீர் விழுந்து இரைந்தது. அந்த இரைச்சலுக்குள், வெளியே ஒருத்தருக்கும் கேட்காமல், பஞ்சவர்ணம் வாயைத் திறந்து சொன்னாள். "நல்லாயிரு ஆத்தா. பாத்துப் போ."

குடம் காலியானதும் வாயை மூடிக்கொண்டாள். "இன்னும் ஊத்துங்க மதினி" என்றாள்.